டீலரா, வெளி மெக்கானிக்கா, நாமேவா? ஏற்காட்டில் ஒரு மினி டிராக்டரை ஓட வைக்கும் வழிகள்

டிசம்பர் மாதம், காப்பி அறுவடை உச்சத்தில் இருந்த நேரம். நாகலூர் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாதையில், டிரெய்லரில் எட்டு மூட்டைப் பழத்தோடு ஏறிக்கொண்டிருந்த மினி டிராக்டர் பாதி மேட்டில் நின்றுவிட்டது. கரும்புகை இல்லை, வேறு சத்தமும் இல்லை. இன்ஜின் மெல்ல மெல்லத் தணிந்து அப்படியே அடங்கியது. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அரை மணி நேரம் ஓடி மறுபடி நின்றது. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் (தோல் உரிக்கும் இயந்திரம்) போட்டாக வேண்டும். ராத்திரி தாண்டினால் மூட்டைக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும். அன்றைக்கு இருந்த ஆட்களே மூட்டைகளைத் தலையில் தூக்கி மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அடுத்த 31 நாள் அந்த வண்டி சேலத்தில் டீலரின் ஷெட்டில் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். வந்த இரண்டாம் நாளே அதே மேட்டில், அதே மாதிரி நின்றது.

அதிலிருந்து இன்றுவரை ஒன்றரை வருடம். டீலர், அதே கம்பெனியின் இன்னொரு டீலர், வெளி மெக்கானிக், சொந்தக் கை, கம்பெனிக்குப் புகார் என்று எல்லா வழியையும் பார்த்துவிட்டேன். என்னைப் போல மலையில் சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் "இனி அந்த டீலர் வாசலையே மிதிக்கக் கூடாது" என்ற கோபத்தில் இருக்கும்போது இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நமக்கே செலவு வைக்கிறது.

வண்டியைப் பற்றி இவ்வளவு போதும்: 24 எச்பி, மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. வாரண்டி 2 வருடம் அல்லது 2,000 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. முதல் முறை நின்றபோது வாங்கி 14 மாதம், மீட்டரில் 412 மணி நேரம். எந்தக் கம்பெனி, எந்த டீலர் என்று சொல்லப்போவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் வேறு கம்பெனிகளின் வேறு வேறு நிற வண்டிகள் நிற்கின்றன, அவர்கள் சொல்லும் கதையும் ஏறக்குறைய இதேதான்.

மலைப்பாதைக் கணக்கு

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன், சமவெளிக்காரர்களுக்கு இல்லாத ஒரு செலவை நாம் கணக்கில் எடுக்க வேண்டும். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. நடுவழியில் தானாக நின்றுவிடும் டிராக்டரை அந்தப் பாதையில் ஓட்டிக்கொண்டு இறங்குவதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் கையோடு வராது, பின்னால் பஸ் நிற்கும். பிக்கப் வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். மினி டிராக்டர் முக்கால் டன் அளவுதான் என்பதால் ஒரு பிக்கப்பில் உட்கார்ந்துவிடும். ஆனால் ஏற்ற மேடான இடம் வேண்டும், கட்டுவதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். எனக்கு இறக்க 3,500 ரூபாய், ஏற்ற 3,500 ரூபாய் ஆனது. சேலத்தில் யார் கைவைத்தாலும், ஒரு ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே 7,000 ரூபாய் போய்விடுகிறது.

இதோடு நாளும் சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். மே மாதம் கோடை விழா சமயத்தில் பாதையில் கார் நகரவே திணறும், டிராக்டர் ஏற்றிய பிக்கப்புக்கு அது வேண்டாத நாள். ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்தக் கோளாறுக்கு வண்டி கீழே போக வேண்டுமா, அல்லது ஆள் மேலே வந்தால் போதுமா? யாரிடம் கொடுப்பது என்பதை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வண்டி நின்றதும் டீலருக்கு போன், அவர் அனுப்பச் சொன்னதும் பிக்கப்.

டீலரிடம் என்ன நடந்தது

ஆள் மேலே வர முடியுமா என்று நான் கேட்காமல் இல்லை. "மலை மேல இன்னும் ரெண்டு வண்டி சேரட்டும் சார், ஒரே ட்ரிப்பா ஆள அனுப்பிடறோம்" என்றார்கள். அறுவடை நடக்கிறது என்றேன். அப்படியானால் வண்டியை அனுப்பிவிடுங்கள் என்றார்கள்.

ஷெட்டில் சர்வீஸ் அட்வைசர் ஒரு இளைஞர், மரியாதையான பையன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஜாப் கார்டில், அதாவது என்ன வேலை என்று குறிக்கும் தாளில், எழுதியது ஒரே வரி: இன்ஜின் ஆஃப் ஆகிறது. நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் வீணானதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வண்டியைப் பிரித்த மெக்கானிக் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குக் கிடைத்தது அந்த வரி மட்டும்தான். அவர் ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார், தளம் போட்ட தரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஓடியிருக்கிறது. சுமை ஏற்றி நாற்பது நிமிடம் மேட்டில் ஓடினால்தான் நிற்கும் என்பது அவர் காதுக்குப் போகவே இல்லை. ஆகவே டீசல் ஃபில்டரை மாற்றினார். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் மூன்று நாசிலையும் கழற்றி டெஸ்ட்டுக்கு அனுப்பினார். டீசல் பம்ப்பைக் கழற்றி வெளியே கொடுத்தார்கள், அது திரும்பி வரப் பதினெட்டு நாள். வாரண்டி கேட்டதற்கு "டீசல்ல தண்ணி கலந்திருக்கு, அதனால க்ளெய்ம் வராது" என்றார்கள். தண்ணீர் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். ஃபில்டரைக் காட்டச் சொன்னேன். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள். பில் 14,600 ரூபாய்.

அந்த 31 நாளில் பழம் சுமக்க வாடகை ஜீப். நாள் கணக்குப் போட்டால் டீலர் பில்லைவிட ஜீப் வாடகைதான் அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, டீலரை ஏன் முழுவதுமாக விட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வாரண்டிக் காலத்தில் இன்ஜின் உள்பாகம், கியர் பாக்ஸ், முன் ஆக்சில் இவற்றில் பெரிய வேலை வந்தால், கம்பெனி செலவில் செய்யக்கூடியவர் அவர் ஒருவர்தான். வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும் சர்வீஸ் கட்டங்களில் முத்திரை விழாமல் போனால் நாளைக்கு அதையே காரணமாகக் காட்டி க்ளெய்மை மறுப்பார்கள். முதல் 50 மணி நேர சர்வீஸ் தொடங்கி வாரண்டி முடியும்வரை குறித்த மணிக்கு சர்வீஸ் செய்து முத்திரை வாங்குவதை நான் விடவில்லை, கோபம் எவ்வளவு இருந்தபோதும்.

அடுத்தது உதிரி பாகம். 35, 45 எச்பி டிராக்டர்களுக்கு சேலத்தில் எந்த ஸ்பேர் கடையிலும் பாகம் கிடைக்கும், ஒரிஜினல், லோக்கல் இரண்டும். 24 எச்பி வண்டிக்கு அப்படி இல்லை. கேஸ்கெட், ஆயில் சீல், கிளட்ச் பிளேட் எல்லாம் டீலர் கவுண்டரில்தான். ஆகவே அவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டால் நாளைக்கு வெளி மெக்கானிக் பாக நம்பரைச் சொல்லும்போது நாம்தான் முழிப்போம்.

டீலரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தால் நான் இப்போது செய்வது இது. கோளாறை நானே ஒரு தாளில் எழுதுகிறேன்: எத்தனை நிமிடம் ஓடிய பிறகு, என்ன சுமையில், மேடா சமதளமா, டேங்கில் எவ்வளவு டீசல், நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது, புகை என்ன நிறம். அந்தத் தாளை ஜாப் கார்டோடு பின் அடிக்கச் சொல்லி, சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். நிற்கும் நேரத்து வீடியோ ஒன்று போனில் இருக்கும். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று கார்டிலேயே எழுதச் சொல்கிறேன். 2,000 ரூபாய்க்கு மேல் எந்த வேலையும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றும். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சுளிக்கவில்லை. எழுத்தில் இருந்தால் மெக்கானிக்குக்கும் வேலை எளிது என்று அந்த அட்வைசரே சொன்னார்.

வாங்கிய இடத்தில்தான் பார்க்க வேண்டுமா

இல்லை. என் வாரண்டிப் புத்தகத்தில், கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமும் காட்டலாம் என்றுதான் இருக்கிறது. உங்கள் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நிறைய பேர் வாங்கிய கடையோடு தாலி கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறார்கள்.

வண்டி வாங்கி 19ஆவது மாதத்தில் முன் ஆக்சிலில் ஆயில் கசிந்தபோது நான் சேலத்துக்குப் போகாமல், பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு டீலரிடம் போன் செய்தேன். தூரம் அதிகம், பிக்கப் வாடகை கூடுதலாக 2,000. ஆனால் முதல் போனிலேயே சீல் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னார்கள். இல்லாததை வரவழைத்துவிட்டு, "இப்ப அனுப்புங்க" என்று நான்கு நாள் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். வண்டி அங்கே இருந்தது இரண்டே நாள். வாரண்டியில் செய்து கொடுத்தார்கள். அந்த வேலைக்குச் சரியான புல்லர் (பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் வெளியே யாராவது சுத்தியால் தட்டியிருந்தால் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கே போயிருக்கும்.

பாகம் வந்த பிறகு வண்டியைக் கூப்பிடுவதா, வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு பாகத்துக்கு ஆர்டர் போடுவதா? என்னைக் கேட்டால் ஒரு டீலரைப் பற்றித் தெரிந்துகொள்ள இந்த ஒன்று போதும். வண்டி வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பார்க்கலாம்.

வெளி மெக்கானிக்

இரண்டாவது முறை நின்றபோது, பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி ஒருவர் அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து வரும் ஒரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தார். பவர் டில்லர், ஸ்ப்ரேயர் இன்ஜின், மினி டிராக்டர் எல்லாம் பார்ப்பவர், ஐம்பது வயதுக்கு மேல். போனிலேயே கேள்வி கேட்டார்.

"எத்தன நிமிசம் ஓடி நிக்குதுங்க?"

அரை மணி, நாற்பது நிமிடம் என்றேன்.

"டேங்க் நிறைய ஊத்துன அன்னைக்குச் சீக்கிரம் நிக்குதா, பாதி இருக்கறப்பவா?"

யோசித்துப் பார்த்தேன். நிறைய ஊற்றிய அன்றுதான். முதல் நாளும் அப்படித்தான், இரண்டாவது முறையும் அப்படித்தான்.

"சரிங்க தம்பி, அடுத்து நின்னவுடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. டேங்க் மூடியத் தெறந்து காது வெச்சுக் கேளுங்க."

மறுநாள் நின்றதும் மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. உடனே சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. செம்மண்ணும் டீசலும் சேர்ந்து அது அடைத்துக் கிடந்தது. டீசல் செலவாகச் செலவாக அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் டீசல் இறங்காது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கான இடமே குறைவு, அதனால் சீக்கிரம் நிற்கிறது. கால் மணி நேரம் சும்மா விட்டால் எங்கிருந்தாவது கொஞ்சம் காற்றுக் கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். டீலர் ஷெட்டில் ஏன் தெரியவில்லை என்பதும் அப்போது விளங்கியது. பிக்கப்பில் ஏற்றுவதற்கு முன் டீசலைப் பாதிக்கும் கீழே குறைத்துத்தான் அனுப்பியிருந்தேன்.

ஒரு ஊசியால் சரியான வேலை. அவர் மலை ஏறக்கூட இல்லை. பணம் வேண்டாம் என்றார். அடுத்த வாரம் வேறு வேலையாக வந்தபோது வலுக்கட்டாயமாகக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் "வெளி மெக்கானிக்தான் கடவுள்" என்று ஆகிவிடும். அது சரியல்ல. அதே மனிதர், அதே நல்ல கை, நான்கு மாதம் கழித்து ஹைட்ராலிக் லிஃப்ட் மெதுவாகத் தூக்குகிறது என்றபோது, அளவு குறைந்திருப்பதைப் பார்த்துத் தன்னிடமிருந்த சாதாரண ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினார். பழைய வண்டிகளில் அது செல்லும். என் வண்டியில் கியர் பாக்ஸ், ஹைட்ராலிக், பின் பிரேக் மூன்றும் ஒரே ஆயிலில் முங்கி ஓடுகின்றன. அந்த ஆயில் பிரேக் தகட்டுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கிறீச்சென்று சத்தமும் உதறலும் வந்தது. மலையில் பிரேக் விஷயத்தில் விளையாட முடியாது, வண்டியை அன்றே நிறுத்தினேன். புத்தகத்தைக் காட்டியதும் அவர் ஒத்துக்கொண்டார். அவரே வந்து முழு ஆயிலையும் வடித்து, ஃபில்டர் மாற்றி, கம்பெனி சொன்ன ஆயிலை ஊற்றிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஆயில் காசு என்னுடையது, அதுவே கணிசமான தொகை. லிஃப்ட் மெதுவாக இருந்ததற்குக் காரணம் அடைத்துப்போன ஹைட்ராலிக் ஃபில்டர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எனவே வெளி மெக்கானிக்கிடம் எதைக் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். டீசல் லைன், ஸ்டார்ட்டர், டைனமோ, வயரிங், ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், ஸ்டீயரிங் மூட்டு, டிரெய்லர் கொக்கி: தாராளமாக. ஆயில் விஷயத்தில் பெயரும் தரமும் நான் வாங்கி வைத்ததே ஊற்ற வேண்டும். வாரண்டி இருக்கும்வரை இன்ஜினைப் பிரிப்பது கிடையாது.

நாசில், பம்ப் வேலைக்கு இன்னொரு வழியும் நம் பகுதியில் இருக்கிறது. சங்ககிரி லாரிக்கும் திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கும் பேர் போன ஊர்கள். அதனால் சேலம் சுற்று வட்டாரத்தில் டீசல் பம்ப் பார்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. டீலரும் அப்படி ஓர் இடத்தில்தான் என் பம்ப்பைக் கொடுத்து வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது. நேரே கொடுத்திருந்தால் மூன்று நாள் வேலை. நம் அளவு வண்டிகளில் இதற்குச் சாதகமான இன்னொரு விஷயம் உண்டு. 2023 ஜனவரி முதல் ட்ரெம் 4 புகை விதி 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு வந்தது. அந்த அளவில் கணினி வைத்த டீசல் பம்ப்புகள் வர ஆரம்பித்தன, அவற்றை லேப்டாப் இல்லாமல் தொட முடியாது. 24 எச்பி வண்டி அந்த விதிக்குள் வரவில்லை, பழையபடி மெக்கானிக்கல் பம்ப்தான். அனுபவக் கையும் டெஸ்ட் பெஞ்ச்சும் போதும்.

நாமே செய்வது

மூடித் துளை எனக்குக் கற்றுக்கொடுத்த பிறகு, ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். 10 முதல் 19 வரை ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் பட்டை, கிரீஸ் கன், மல்ட்டிமீட்டர், ஹோஸ் கிளாம்ப் பத்து, இரண்டு மீட்டர் டீசல் ஹோஸ், ஃபியூஸ், ஒரு ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர் இரண்டு. ஆரம்பச் செலவு ஆறாயிரத்துக்குள்.

எங்கள் நிலத்தில் அடிக்கடி வரும் தொல்லை ரேடியேட்டர் வலைதான். புல் வெட்டும்போது விதையும் தூசியும் போய் அடைக்கும், சூடு முள் ஏறும். தினமும் வேலை முடிந்ததும் வலையை இழுத்துத் தட்டினால் தீர்ந்தது. ஏர் கிளீனரில் வெளி எலிமென்ட்டை உள்ளிருந்து வெளியே காற்று அடித்துச் சுத்தம் செய்யலாம். உள்ளே இருக்கும் சின்ன எலிமென்ட்டைத் தொடவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். டீசல் ஃபில்டர் மாற்றி ஏர் எடுப்பது (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) ஒரு மாலை நேரத்தில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியது. ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் பேட்டரி முனைக்கு அடுத்ததாகக் கிளட்ச் மிதியடியில் இருக்கும் சேஃப்டி சுவிட்சைப் பார்க்க வேண்டும். சேறு புகுந்து அது வேலை செய்யாமல் இருப்பது எனக்கே இரண்டு முறை நடந்தது. சேலத்திலிருந்து ஆள் வந்து அந்த சுவிட்சைத் துடைத்துவிட்டு 1,200 ரூபாய் வாங்கிப் போன ஒரு நண்பரும் இருக்கிறார்.

நாசில் பைப்பை இன்ஜின் ஓடும்போது தளர்த்திக் கை வைத்துப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே இழக்க நேரும்.

பாகம் வாங்கும்போது பில்லைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகவும், கியர் பாக்ஸ், கிளட்ச் அசெம்பிளி, ரேடியேட்டர் போன்ற டிராக்டர் பாகங்களுக்கு 18லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. எல்லாப் பாகமும் அந்தப் பட்டியலில் இல்லை, சர்வீஸ் கூலிக்கு 18தான். பழைய விலைப் பட்டியலை வைத்து யாராவது எஸ்டிமேட் கொடுத்தால் கேட்டுச் சரி செய்துகொள்ளலாம்.

முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இயந்திரம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் அங்கே பயிற்சி உண்டு.

புகார் கொடுப்பது

பணம் வீணானதற்கு என்ன வழி? நான் முதலில் கம்பெனிக்கு எழுதினேன். ஜாப் கார்டு நகல், பில், 31 நாள் ஜீப் வாடகை ரசீது, மூடித் துளை வீடியோ எல்லாம் சேர்த்து, ஈமெயிலும் பதிவுத் தபாலும். மூன்று வாரத்தில் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வந்து பார்த்தார். கூலியான 4,200 ரூபாய் திரும்ப வந்தது. மீதி வரவில்லை.

அதற்கு மேலே போக விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "டிராக்டர் தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் வேலைக்கு வாங்கியது அந்த விலக்கில் வராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

நான் ஆணையத்துக்குப் போகவில்லை. பழைய ஃபில்டர் என் கையில் இல்லாததால் தண்ணீர் கலந்த கதையை மறுக்க என்னிடம் சாட்சியம் குறைவு என்று பட்டது. உங்களிடம் பாகமும் தாளும் இருந்தால் யோசிக்காமல் போங்கள். புகார் கொடுப்பது பணத்தைத் திரும்ப வாங்க ஒரு வழி, ஆனால் டிசம்பரில் வண்டியை ஓட வைக்க அது உதவாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விற்றுவிட்டு வேறு வாங்குவது, வாடகைக்கு எடுப்பது

எக்ஸ்சேஞ்ச் விலை கேட்டேன், மனம் வரவில்லை. கோளாறு வண்டியில் இல்லை, சர்வீஸில்தான். வேறு நிறத்தில் வாங்கினாலும் அதே 20 வளைவைத்தான் அவர்கள் ஆளும் ஏற வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் மட்டும், ஏற்காட்டில் அதே வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரைப் பார்த்து, கடைசியாக ஆள் எப்போது மேலே வந்தார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி வழியாக டிராக்டர் வாடகைக்குத் தருகிறது. வாழப்பாடி, ஓமலூர் பக்கம் மரவள்ளிக்கு உழுகிறவர்களுக்கு நல்ல மாற்று. சில்வர் ஓக்குக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே நான்கடிப் பாதை வைத்திருக்கும் காப்பித் தோட்டத்துக்குள் பெரிய டிராக்டர் நுழையாது. எங்களுக்கு ஆபத்து நேரத்தில் பழைய ஜீப்தான்.

நான் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு

வாரண்டி முடிந்து எட்டு மாதம் ஆகிறது, மீட்டரில் 930 மணி நேரம். ஃபில்டர், பெல்ட், ரேடியேட்டர், ஏர் கிளீனர், கிரீஸ் எல்லாம் நானும் என் மகனும். மேலே வர வேண்டிய வேலைக்கு அயோத்தியாப்பட்டணத்து அண்ணன், கூப்பிட்டால் இரண்டு நாளுக்குள் வருகிறார், பெட்ரோலும் கூலியும் சேர்த்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. பம்ப், நாசில் சந்தேகம் வந்தால் கழற்றி நேரே பம்ப் கடைக்கு. கியர் பாக்ஸ், கிளட்ச், ஆக்சில் என்று வண்டியைப் பிளக்க வேண்டிய வேலைக்குப் பக்கத்து மாவட்ட டீலர், பாகம் வந்தாயிற்று என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பிக்கப் ஏற்பாடு. சேலத்து டீலரிடம் பாகம் மட்டும் வாங்குகிறேன். அந்த அட்வைசர் பையன் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். போனில் சேசிஸ் நம்பர் சொன்னால் பாக நம்பரைச் சரியாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார், பார்சல் ஏற்காடு பஸ்ஸில் ஏறி மதியத்துக்குள் வந்துவிடும்.

பெரிய வேலை எல்லாவற்றையும் அறுவடை முடிந்த மார்ச்சிலேயே முடித்துவிடுகிறேன், பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கும் மே மாதத்துக்குள் வண்டி தயாராக இருக்க வேண்டும். கிளட்ச் லேசாக வழுக்க ஆரம்பித்திருக்கிறது. பிளேட்டுக்கு இன்றே சொல்லி வைத்திருக்கிறேன். டேங்க் மூடியில் ஊசி குத்துவது ஞாயிற்றுக்கிழமை காலை வேலை, அதை மகனிடம் விட்டிருக்கிறேன்.